பிரொன்டோசோரஸ் இருந்ததா, இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். குறிப்பாக விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களும், டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் உம்மா வாப்பாமாரும் வாசிக்க வேண்டும்.

'நாங்கள்' என்று இங்கே எழுதுவது நான்கு பேர். ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் இரண்டு வருடங்கள் படுத்தெழும்பியவர்கள். இருவர் விஞ்ஞானம், ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ். இன்று நான்கு பாடசாலைகளில் கற்பிக்கிறோம். ஆனாலும் அந்த அறை இன்னும் வாட்ஸ்அப்பில் உயிரோடு இருக்கிறது. அங்கே இரண்டு கிழமையாக நடந்த வாக்குவாதத்தில் நால்வரும் ஒத்துக்கொண்ட விடயங்கள்தான் இவை.

விடயம் ஒரு கண்காட்சியில் தொடங்கியது. எங்களில் ஒருவரின் பாடசாலையில் தரம் 7 இல் படிக்கும் பையன் ஒருவன், நூலகத்திலிருந்த பழைய புத்தகமொன்றைப் பார்த்து, நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் உள்ள ஒரு மிருகத்தைப் பெரிய மட்டையில் கீறியிருந்தான். கீழே அழகான எழுத்தில் 'பிரொன்டோசோரஸ்' என்று எழுதியிருந்தான். பார்வையிட வந்த நடுவர், "இப்படி ஒரு மிருகம் உலகத்தில் இருந்ததே இல்லை. இதற்குப் பெயர் அபாட்டோசோரஸ்" என்று சொல்லிப் புள்ளியைக் குறைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பையன் வந்து கேட்டான்: "சேர், நான் கீறின மிருகம் இல்லவே இல்லையாம். மெய்தானா?"

அன்றைக்கே ஆசிரியர் ஓய்வறையில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "இதுக்குத்தான் நான் சொல்றது. இன்டைக்கு ஒன்டு சொல்லுவாங்க. நாளைக்கு அது இல்லண்டு சொல்லுவாங்க. இந்த விஞ்ஞானத்த எப்படி நம்புற?"

பையனின் கேள்வி சிறியது. ஆண்டுகளைச் சொன்னால் தீர்ந்துவிடும். மூத்தவரின் கேள்வி அப்படியல்ல. இதே வசனத்தை மருந்து விடயத்திலும் தடுப்பூசி விடயத்திலும் கேட்டிருக்கிறோம். 'மாறுகிறது, ஆகவே பொய்' என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் ஒருமுறை இறங்கிவிட்டால், பிறகு எந்தப் பாடத்தைப் படிப்பித்தும் பயனில்லை. அதனால்தான் ஒரு டைனோசரின் பெயருக்காக நாங்கள் நால்வரும் இவ்வளவு நேரம் செலவழித்தோம்.

முதலில் பையனின் கேள்வி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இரண்டு பேர் டைனோசர் எலும்புகளுக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாத குறையாகப் போட்டி போட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஒத்னியல் சார்ள்ஸ் மார்ஷ் ஒருவர். பிலடெல்பியாவின் எட்வேர்ட் டிரிங்கர் கோப் மற்றவர். யார் அதிகம் பெயர் வைக்கிறார் என்பதே போட்டி. பெட்டி வந்து இறங்கிய கையோடு, எலும்புகளை முழுதாகச் சுத்தம் செய்யவும் பொறுமையில்லாமல் அவசரக் குறிப்பெழுதிப் பெயரை அச்சேற்றிவிடுவார்கள்.

1877 இல் கொலராடோவிலிருந்து கிடைத்த எலும்புகளுக்கு மார்ஷ் அபாட்டோசோரஸ் என்று பெயரிட்டார். 'ஏமாற்றும் பல்லி' என்று பொருள். அதன் சில வால் எலும்புகள் வேறொரு கடல் ஊர்வனவின் எலும்புகளைப் போல இருந்து கண்ணை ஏமாற்றியதால் அந்தப் பெயர். இரண்டு வருடம் கழித்து, 1879 இல், வயோமிங்கிலிருந்து இன்னும் பெரிய, இன்னும் முழுமையான ஒன்று கிடைத்தது. அதற்கு பிரொன்டோசோரஸ், 'இடிமுழக்கப் பல்லி' என்று பெயர் வைத்தார். இரண்டும் வேறு வேறு என்று அவர் சொன்ன காரணங்களில் ஒன்று இடுப்பெலும்பு. முதலாவதில் இடுப்போடு சேர்ந்த முள்ளந்தண்டெலும்புகள் மூன்று, இரண்டாவதில் ஐந்து.

1903 இல் சிக்காகோவின் எல்மர் ரிக்ஸ் இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டார். முதலாவது இளம் மிருகம், இரண்டாவது வளர்ந்தது என்று கண்டார். வளர வளர இடுப்பு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மனிதரிலும் அப்படித்தான், பிள்ளைப் பருவத்தில் தனித்தனியாக இருக்கும் ஐந்து எலும்புகள் வளர்ந்தவர்களில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இரண்டும் ஒரே சாதி, முதலில் வைத்த பெயர்தான் செல்லும், பிரொன்டோசோரஸ் என்ற பெயரைக் கைவிட வேண்டும் என்று எழுதினார்.

ஆனால் பெயர் போகவில்லை. 1905 இல் நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் மாபெரும் எலும்புக்கூடு ஒன்றை நிமிர்த்தி வைத்தார்கள். அப்படி ஒரு நீண்ட கழுத்து டைனோசரை முழுதாக நிறுத்தி வைத்தது உலகில் அதுவே முதல் தடவை. அதன் பெயர்ப்பலகையில் இருந்தது பிரொன்டோசோரஸ். மக்கள் அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போனார்கள். பிறகு புத்தகம், படம், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் அதுவே. எங்கள் பையன் பார்த்த பழைய புத்தகமும் அந்த வழியில் வந்ததுதான்.

தலையிலும் ஒரு கதை இருக்கிறது. மார்ஷின் மிருகத்துக்கு மண்டையோடு கிடைக்கவில்லை. எலும்புக்கூட்டைத் தலையில்லாமல் நிறுத்த மனம் வராமல், உயரமான குறுகிய தலையுள்ள கமாராசோரஸ் என்ற வேறொரு டைனோசரை ஒட்டி ஒரு தலையை ஊகித்து வைத்தார்கள். 1909 இல் ஏர்ல் டக்ளஸ் யூட்டாவில் ஒரு அபாட்டோசோரஸைக் கண்டுபிடித்தபோது, பக்கத்திலேயே நீண்ட தட்டையான மண்டையோடு ஒன்றும் கிடந்தது. பிட்ஸ்பேர்க்கின் கார்னகி நூதனசாலைப் பணிப்பாளர் வில்லியம் ஹொலன்ட், இதுதான் அதன் உண்மையான தலை என்று சொன்னார். பெரியவர்கள் ஏற்கவில்லை. அவரும் பிழையான தலையை வைக்க விரும்பாமல் எலும்புக்கூட்டைத் தலையில்லாமலேயே விட்டுவைத்தார். அவர் இறந்த பிறகு யாரோ பழைய பாணியிலேயே கமாராசோரஸ் தலையை மாட்டிவிட்டார்கள். 1970களில் ஜோன் மக்கின்டொஷ், டேவிட் பேர்மன் என்ற இருவர் பழைய குறிப்புகளைத் தோண்டியெடுத்து ஹொலன்ட் சொன்னதே சரி என்று காட்டினார்கள். 1979 இல் தலை மாற்றப்பட்டது.

1989 இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் டைனோசர் படங்களோடு 25 சத முத்திரைகளை வெளியிட்டது. ஒன்றில் பிரொன்டோசோரஸ் என்று அச்சிட்டிருந்தார்கள். பிழையான பெயரைப் பரப்புகிறீர்கள் என்று பெரிய சண்டை. எங்கள் நடுவர் போன்றவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்!

2015 இல் கதை மறுபடி திரும்பியது. இமானுவேல் சோப், ஒக்டேவியோ மத்தேயுஸ், ரொஜர் பென்சன் என்ற மூவர் இந்தக் குடும்பத்து எலும்புகளை நூதனசாலை நூதனசாலையாகப் போய்ப் பார்த்தார்கள். 81 மாதிரி அலகுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 477 இயல்புகளை ஒப்பிட்டு, கிட்டத்தட்ட 300 பக்கத்தில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அபாட்டோசோரஸின் கழுத்து மிகவும் அகன்றது, பிரொன்டோசோரஸினது அந்தளவு அகலமில்லாதது, இப்படிச் சேர்த்துப் பார்த்தால் இரண்டையும் தனித்தனிச் சாதிகளாக வைப்பதே பொருத்தம் என்பது அவர்களின் முடிவு. 112 வருடங்களுக்குப் பிறகு பிரொன்டோசோரஸ் பதிவேட்டுக்குத் திரும்பி வந்தது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 'அப்படி ஒன்று இல்லவே இல்லை' என்று இன்று யாரும் அடித்துச் சொல்லவும் முடியாது.

பையனிடம் எங்கள் நண்பர் சொன்னது இதைத்தான்: "மகன், நீ கீறின மிருகம் இருந்தது. அதன் எலும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு எந்தப் பெயர் பொருத்தம் என்பதில்தான் பெரியவர்கள் நூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்." பையனுக்குப் புள்ளி போன கவலை போய், தலை மாறிய கதையில் ஆர்வம் வந்துவிட்டதாம்.

இனி மூத்தவரின் கேள்வி. இங்கேதான் நாங்கள் நால்வரும் அதிகம் சண்டை பிடித்தோம். கடைசியில் கணித ஆசிரியர்தான் முடிச்சை அவிழ்த்தார். "நீங்கள் இரண்டு வேலையை ஒரு வேலையாக நினைக்கிறீர்கள். பெயர் வைப்பது ஒன்று. இன்னாரோடு இன்னார் சேர்த்தி என்று வகைப்படுத்துவது வேறொன்று" என்றார்.

இதை விளக்க எங்கள் பாடசாலை அலுவலகத்துக்கே போகலாம்.

ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் வகுப்பாசிரியர்கள் படும் பாடு தெரியும்தானே. பிள்ளையை ஊரே றிஸ்வான் என்று கூப்பிடும். வரவுப் பதிவேட்டில் ரிஸ்வான். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் ரிழ்வான். பிள்ளை ஒன்று, பெயர் மூன்று. எது செல்லும்? முதலில் பதிந்தது. அழகாக இருக்கிறதா, ஊருக்குப் பழக்கமா என்பதெல்லாம் கணக்கில்லை.

விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான சர்வதேச விதிக்கோவையின் அடிப்படையும் இதுதான். ஒரே மிருகத்துக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால் முந்திய பெயர் செல்லும். விலங்குப் பெயர்களுக்குக் கணக்குத் தொடங்கும் வருடம் 1758, லின்னேயஸின் நூலின் 10ஆம் பதிப்பு வந்த வருடம். 1877 முந்தியது, 1879 பிந்தியது. இரண்டும் ஒன்று என்று ஒருவர் முடிவு செய்தால் அபாட்டோசோரஸ்தான் செல்லும். ஏமாற்றும் பல்லியை விட இடிமுழக்கப் பல்லி நல்ல பெயர் என்று சொல்லி வழக்காட முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு பாத்திமா றிஸ்னா. அங்கே முதலெழுத்தைச் சேர்த்துப் பிரிக்கிறோம். விலங்குகளில் அதற்கும் இடமில்லை. ஒரு சாதிப் பெயர் உலகத்தில் ஒரு மிருகத்துக்குத்தான். 1969 இல் ஆபிரிக்காவில், இன்றைய சிம்பாப்வேயில் கிடைத்த ஒரு சிறிய டைனோசருக்கு சின்டார்சஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு பார்த்தால் அந்தப் பெயர் 1869 இலேயே ஒரு வண்டுக்கு வைக்கப்பட்டிருந்தது. நூறு வருடம் முந்திய வண்டுதான் வென்றது. 2001 இல் வண்டுகளை ஆராய்பவர்களே அந்த டைனோசருக்கு மெகாப்னோசோரஸ் என்று புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். பொருள், 'பெரிய செத்த பல்லி'. டைனோசர் ஆட்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விதியில் இரக்கத்துக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். 1892 இல் கோப் இரண்டு முள்ளந்தண்டெலும்புகளைப் பார்த்து மனோஸ்பொன்டிலஸ் என்று பெயரிட்டிருந்தார். 1905 இல் ஹென்றி ஒஸ்போர்ன் டைரனோசோரஸ் ரெக்ஸ் என்று பெயரிட்ட மிருகத்தின் எலும்புகளாகவே அவை இருக்கலாம் என்ற பேச்சு வந்தது. அப்படியானால் பழைய பெயரல்லவா செல்ல வேண்டும்? உலகத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த பெயரைத் தூக்கி எறிவதா? 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள விதிக்கோவை, 1899 க்குப் பிறகு யாரும் பாவிக்காமல் மறந்துபோன பழைய பெயர் ஒன்று, எல்லோரும் பாவிக்கும் பெயரைக் குழப்ப வந்தால், பாவனையில் உள்ள பெயரைப் பாதுகாக்க வழி வைத்திருக்கிறது. டி. ரெக்ஸுக்கு ஆபத்தில்லை.

இவ்வளவும் பெயர் பற்றிய சட்டம். மனிதர்கள் குழப்பம் வராமலிருக்கத் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. இதில் உண்மை, பொய் என்ற பேச்சே இல்லை.

ஆனால் 'இந்த இரண்டும் ஒரே மிருகமா?' என்ற கேள்வி சட்டமல்ல. அது ஒரு தீர்ப்பு. சாட்சி மாறினால் தீர்ப்பு மாறும். புதிய சாட்சி வந்த பிறகும் மாறாத தீர்ப்பைத்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

இந்த இரண்டையும் கலந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2010 நல்ல உதாரணம். மூன்று கொம்புள்ள டிரைசெராடொப்ஸை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மார்ஷ் 1889 இல் அதற்குப் பெயரிட்டார். 1891 இல் கழுத்துக் கவசத்தில் இரண்டு பெரிய துளைகளுள்ள இன்னொன்றுக்கு டோரோசோரஸ் என்று பெயரிட்டார். 2010 இல் ஜோன் ஸ்கனெல்லா, ஜக் ஹோர்னர் இருவரும், வயது போகப் போகக் கவசம் மெலிந்து துளை விழுகிறது, டோரோசோரஸ் என்பது வயதான டிரைசெராடொப்ஸ்தான் என்று வாதிட்டார்கள். உடனே 'டிரைசெராடொப்ஸ் இருந்ததே இல்லை' என்று செய்தி பறந்தது. விதியைத் தெரிந்த பிள்ளை அந்த இடத்திலேயே சிரித்திருக்கும். 1889 முந்தியது, 1891 பிந்தியது. இரண்டும் ஒன்றென்றால் மறைய வேண்டியது டோரோசோரஸ் என்ற பெயர்தானே! 2012 இல் வேறு இருவர் வயது குறைந்த டோரோசோரஸும் இருக்கிறது, வயதான டிரைசெராடொப்ஸும் இருக்கிறது என்று காட்டி, இரண்டும் வேறுதான் என்றார்கள். வழக்கு நடக்கிறது.

இந்தக் குழப்பங்களின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: வயது. குட்டியா, அல்லது சிறிய இனத்தின் வளர்ந்த மிருகமா? நனோடைரனஸ் கதையைப் பாருங்கள். 1940களில் மொன்டானாவில் கிடைத்த ஒரு சிறிய மண்டையோடு. 1946 இல் அதை கோர்கோசோரஸ் என்றார்கள். 1988 இல் தனிச் சாதியாக்கி நனோடைரனஸ் என்றார்கள். 1999 இல் இது டி. ரெக்ஸின் குட்டி என்றார்கள். 2020 இல் இதே மாதிரியான வேறு எலும்புகளை வெட்டி, மரத்தில் வளையம் எண்ணுவது போல வளர்ச்சி வளையங்களை எண்ணி, ஆம், வளர்ந்து முடியாத பிள்ளைகள்தான் என்றார்கள். 2025 இல் வேறொரு முழுமையான எலும்புக்கூட்டில் அதே வேலையைச் செய்து, இது வளர்ந்து முடிந்த மிருகம், ஆகவே நனோடைரனஸ் தனியானதுதான் என்று வெளியிட்டார்கள். எண்பது வருடத்தில் ஐந்து தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது: ஒரு ஒப்பீடு, ஒரு வெட்டுமுகம், ஒரு எலும்புக்கூடு. யாரும் கனவு கண்டு மாற்றவில்லை.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை, எங்களுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ் நாட்டின் அரியலூரிலும் இதே வழக்கு நடக்கிறது. 1979 இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் அங்கு கிடைத்த எலும்புகளுக்குத் திராவிடோசோரஸ் என்று பெயரிட்டார்கள். திராவிடத்தின் பெயரில் ஒரு டைனோசர்! முதுகில் தட்டுகள் உள்ள ஸ்டெகோசோரஸ் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது அவர்களின் கருத்து. 1990களில் சங்கர் சட்டர்ஜி, இது டைனோசரே அல்ல, கடலில் நீந்திய பிளெசியோசோர் என்ற ஊர்வன என்று சொன்னார். அந்தப் பாறைகளும் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தவையே. இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவில்லை.

அதே இருவர் 1980களின் பிற்பகுதியில் கல்லமேடு என்ற இடத்து எலும்புகளுக்கு புருஹத்காயோசோரஸ் என்று பெயரிட்டார்கள். பெரிய உடல் என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொற்கள். கணைக்காலெலும்பு மட்டும் சுமார் 2 மீற்றர். முதலில் இறைச்சி தின்னும் டைனோசர் என்று வகைப்படுத்தினார்கள். பிறகு, இல்லை, இலைதழை தின்னும் நீண்ட கழுத்துக் கூட்டம் என்று மாறியது. அப்படியானால் பூமியில் நடந்த மிகப் பெரிய மிருகங்களில் ஒன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் எலும்புகள் இன்று இல்லை. பொடியாக உதிர்ந்து போய்விட்டன. மிஞ்சியிருப்பது படங்களும் குறிப்புகளும்தான்.

இந்த இடத்தில் எங்கள் குழு சற்று நேரம் அமைதியாகிவிட்டது. பிரொன்டோசோரஸ் ஏன் திரும்பி வந்தது? 1879 இல் எடுத்த எலும்பை நூறு வருடத்துக்கு மேல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2015 இல் ஒருவர் போய்த் திரும்ப அளந்து பார்க்க முடிந்தது. புருஹத்காயோசோரஸுக்கு அந்த வாய்ப்பில்லை. யார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இல்லாத எலும்பை அளக்க முடியாது. ஆகவே மூத்தவருக்கான பதில் இதுதான்: முடிவு மாறுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, சேர். திரும்பப் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போவதுதான் கவலை. மாறுகிறது என்றால் சாட்சி பத்திரமாக இருக்கிறது, யாரோ இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் ஏற்றுக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அப்படியும் எடுக்கலாம்தான்" என்றாராம். எங்களுக்கு அது போதும்.

இனி ஆசிரியர்களாக நாங்கள் என்ன செய்யலாம்? நால்வரும் ஒத்துக்கொண்டவை மூன்று.

ஒன்று, பாகுபாடு படிப்பிக்கும்போது பலகையில் இரண்டு நிரல் போடுவோம். ஒன்றில் பெயர், மற்றதில் தீர்ப்பு. பெயருக்குப் பக்கத்தில் வைத்தவரும் ஆண்டும். தீர்ப்புக்குப் பக்கத்தில் காட்டிய சாட்சி. சாதி, இனம், இருசொற்பெயரீடு என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்தச் சொற்களுக்குப் பின்னால் மனிதர்கள் நின்று வாதாடுவது தெரியவரும்.

இரண்டு, போட்டிகளிலும் செயற்றிட்டங்களிலும் பிள்ளை எழுதியது எங்கள் கையிலுள்ள விடைக்கு மாறாக இருந்தால், பேனையை எடுக்கும் முன் "எங்கே வாசித்தாய்?" என்று கேட்போம். பிள்ளை ஒரு புத்தகத்தைக் காட்டினால் அதன் ஆண்டைப் பார்ப்போம். பரீட்சையில் புள்ளியிடும் திட்டத்தை மீற எங்களால் முடியாது, அது வேறு. ஆனால் கண்காட்சி மண்டபத்தில் எங்களைக் கட்டிப்போட்டவர் யாருமில்லை. அந்த நடுவரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது 1903 க்கும் 2015 க்கும் இடையில் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொன்னதுதான். அவருடைய புத்தகத்தின் ஆண்டையும் யாராவது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று, 'இல்லை' என்ற சொல்லை உயிர்ச்சுவடுகள் விடயத்தில் கவனமாகப் பாவிப்போம். 'அந்தப் பெயர் இப்போது செல்லாது' என்பதும் 'அந்த மிருகம் இருக்கவில்லை' என்பதும் ஒன்றல்ல. சின்னப் பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது.

கடைசியாக ஒன்று. இது எங்கள் தமிழாசிரியர் சேர்க்கச் சொன்னது.

1923 இல் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் முட்டைகள் நிறைந்த ஒரு கூட்டின் மேல் சிறிய டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. முட்டைகள் அந்தப் பகுதியில் நிறையக் கிடைத்த புரோட்டோசெராடொப்ஸின் முட்டைகள் என்று நினைத்தார்கள். அப்படியானால் மேலே கிடந்தது திருட வந்தது. 1924 இல் ஒஸ்போர்ன் அதற்கு ஓவிராப்டர் என்று பெயரிட்டார். முட்டைத் திருடி. பெயர் தவறாகவும் இருக்கலாம் என்று அவரே அந்தக் கட்டுரையில் எச்சரித்திருந்தார், ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. எழுபது வருடம் கழித்து, அதே மாதிரியான முட்டையொன்றுக்குள் ஒரு கருவின் எலும்புகளைக் கண்டார்கள். உள்ளே இருந்தது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு. பிறகு அதே குடும்பத்துப் பெரிய மிருகங்கள் முட்டைகளின் மேல் அடைகாத்தபடியே புதைந்து கிடந்ததையும் கண்டார்கள். திருடவில்லை. தன் கூட்டில் இருந்திருக்கிறது.

தீர்ப்பு மாறிவிட்டது. பெயர் மாறவில்லை, விதி இடம் கொடுக்காது. பொருள் பிழை என்பதற்காகப் பெயரை மாற்ற முடியாது. இன்றும் அது உலகமெங்கும் முட்டைத் திருடிதான்.

எலும்புக்கு வைத்த பெயர் எலும்புக்கு வலிக்காது. எங்கள் வகுப்பறைகளில் 'கள்ளன்', 'மக்கு', 'குழப்படிக்காரன்' என்று ஒரு நாள் பார்த்ததை வைத்து பிள்ளைகளுக்கு விழுந்த பெயர்கள் தரம் 6 இலிருந்து 11 வரை கூடவே போகின்றன. அடுத்த வகுப்பாசிரியருக்குப் பிள்ளையை ஒப்படைக்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். டைனோசர்களுக்கு உள்ளது போல அதைக் கட்டிக் காக்கும் சர்வதேச விதி எதுவும் எங்களுக்கு இல்லை. நாளைக்கே நிறுத்தலாம்.

உங்கள் பாடசாலைகளில் பிள்ளையொன்று புத்தகத்துக்கு மாறாகச் சரியான விடை எழுதிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்ன செய்தீர்கள் என்று அறிய நால்வரும் ஆவலாக இருக்கிறோம்.